மலை ஏறினால் புகை, இறங்கினால் பிஸ்டன்: வாசகர் கேள்வி பதில்

கார்புரேட்டர் (காற்றோடு பெட்ரோலைக் கலந்து இஞ்சினுக்கு அனுப்பும் பாகம்) பொருத்திய டூ ஸ்ட்ரோக் ஸ்னோமொபைல்களை, அதாவது பனியில் ஓடும் வண்டிகளைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். காற்றின் அளவுக்குப் பெட்ரோல் கூடுதலாகப் போனால் 'ரிச்', குறைந்தால் 'லீன்' என்பது ஒர்க்‌ஷாப் பேச்சு. அதையே இங்கும் எழுதியிருக்கிறோம். ஃபியூவல் இன்ஜெக்‌ஷன் வண்டிகள் காற்றழுத்தத்தையும் வெப்பத்தையும் சென்சாரால் அளந்து தாமே சரிசெய்துகொள்ளும். அவற்றின் உரிமையாளர்கள் அடுத்த பக்கத்துக்குப் போய்விடலாம்.

கேள்வி: 300 மீட்டர் உயரத்தில் அருமையாக ஓடிய வண்டி, 2,400 மீட்டரில் முழு த்ராட்டில் கொடுத்தால் இழுக்காமல் புகை தள்ளுகிறது. பிளக்கில் கரி. மேலே காற்று குறைவு என்றால் உறிஞ்சும் பெட்ரோலும் குறையத்தானே வேண்டும்? எப்படி ரிச் ஆகிறது?

பதில்: இரண்டும் குறைகின்றன, ஆனால் ஒரே அளவில் குறைவதில்லை. கோளாறு முழுவதும் அங்கேதான் இருக்கிறது.

கார்புரேட்டருக்குக் காற்றை எடைபோடத் தெரியாது. இஞ்சின் ஒரே வேகத்தில் சுற்றும்வரை அது இழுக்கும் காற்றின் கன அளவு மேலேயும் கீழேயும் ஒன்றுதான். அந்தக் காற்றின் எடைதான் மாறுகிறது. காற்றின் அடர்த்தி கால் பங்கு குறைந்தால் வெஞ்சுரியில், அதாவது கார்புரேட்டரின் குறுகிய காற்றுவழியில், உண்டாகும் உறிஞ்சு விசையும் கால் பங்கு குறையும். ஆனால் ஜெட் (பெட்ரோலை அளந்து விடும் துளையுள்ள சிறு பித்தளைத் துண்டு) வழியாக வரும் பெட்ரோல் அந்த விசையின் வர்க்கமூலத்துக்கு ஏற்பத்தான் குறையும். காற்று 25 சதவீதம் குறையும்போது பெட்ரோல் சுமார் 13 சதவீதமே குறைகிறது. கலவை ஏறக்குறைய 15 சதவீதம் ரிச் ஆகிவிடுகிறது. நீங்கள் பார்த்த புகை அதுதான்.

இதிலிருந்தே திருத்தக் கணக்கும் கிடைக்கிறது: அடர்த்தி எத்தனை மடங்காக மாறியதோ, அதன் வர்க்கமூலத்தால், முழு த்ராட்டிலில் பெட்ரோலை அளக்கும் மெயின் ஜெட்டின் அளவைப் பெருக்க வேண்டும். கீழே 300 மீட்டரில், மைனஸ் 20 டிகிரியில் உங்களுக்கு 350 ஜெட் சரியாக இருந்தது என்று வைத்துக்கொள்வோம். அங்கே வழக்கமான காற்றழுத்தம் சுமார் 97.8 கிலோபாஸ்கல், 2,400 மீட்டரில் 75.6. மேலே வெப்பநிலை மைனஸ் 10 என்றால், அழுத்த விகிதம் 0.773. வெப்பத்தைக் கெல்வினில் எடுக்க வேண்டும்: 253-ஐ 263-ஆல் வகுத்தால் 0.962. இரண்டையும் பெருக்கினால் 0.744, வர்க்கமூலம் 0.862. 350-ஐ இதனால் பெருக்க, 302 வருகிறது. கிடைக்கும் ஜெட்டுகள் 300, 310. முதலில் 310-ஐப் போட்டு ஓட்டிப் பாருங்கள். பிளக் இடம் கொடுத்தால் 300-க்கு இறங்குங்கள். எப்போதும் ரிச் பக்கமிருந்துதான் நெருங்க வேண்டும். ரிச்சாகத் தவறினால் ஒரு பிளக் போகும், லீனாகத் தவறினால் பிஸ்டனே போகும்.

ஓர் எச்சரிக்கை. மிக்குனி நிறுவனக் கார்புரேட்டரின் பெரிய அறுகோண மெயின் ஜெட்டில் உள்ள எண் பெட்ரோல் பாயும் அளவைக் குறிக்கிறது. அதனால் மேலே போட்ட கணக்கு அதற்கு நேராகப் பொருந்தும். இன்னொரு நிறுவனமான கெய்ஹினின் ஜெட்டில் எண் துளையின் விட்டம். விட்டத்தை மாற்றினால் பரப்பு அதன் வர்க்கமாக மாறும் என்பதால், அங்கே 0.862-க்கு இன்னொரு முறை வர்க்கமூலம் எடுத்து 0.93-ஆல் பெருக்குங்கள்: 170 இருந்த இடத்தில் 158. மிக்குனிக் கணக்கைக் கெய்ஹினில் போட்டு 147 மாட்டினால், சேதத்துக்கு ஜெட்டைக் குறைசொல்ல முடியாது.

கையேட்டிலோ பெல்ட் உறையின் மேலோ உயரம், வெப்பநிலை அட்டவணை ஒட்டியிருந்தால் அதுவே முதல் சாட்சி. அட்டவணையில் இல்லாத இடைப்பட்ட நிலைகளுக்கும், வேறு எக்ஸாஸ்ட் பைப், ஏர்பாக்ஸ் (காற்று உள்ளே வரும் பெட்டி) மாற்றிய வண்டிகளுக்கும் இந்தக் கணக்கு உதவும்.

கேள்வி: மைனஸ் 20-க்குச் சரிசெய்து வைத்திருக்கிறேன். அடுத்த வாரம் மைனஸ் 35 என்கிறார்கள். 15 டிகிரிக்காக ஜெட் மாற்ற வேண்டுமா?

பதில்: மாற்றுங்கள். குளிர்ந்த காற்று கனமானது. 253-ஐ 238-ஆல் வகுத்தால் 1.063, அதாவது அடர்த்தி 6 சதவீதம் ஏறுகிறது. ஜெட் 3 சதவீதம் ஏற வேண்டும். 350 இருந்த இடத்தில் 360. ஒரு படிதானே என்று விடலாம்தான், ஆனால் இந்த ஒரு படி லீன் பக்கத்துத் தவறு. கூடவே கனத்த காற்றால் இஞ்சினின் சக்தியும் கூடுகிறது, பிஸ்டன் மேற்பரப்பின் சூடும் கூடுகிறது. உறைந்த ஏரியில் முழு த்ராட்டிலில் நிமிடக்கணக்கில் ஓடும் வண்டிகள்தான் இப்படிப்பட்ட நாட்களில் பிஸ்டனைப் பறிகொடுக்கின்றன. வளைந்து நெளிந்து காட்டுப் பாதையில் போகிறவை தப்பித்துக்கொள்ளும்.

அட்டவணையில் வரி தேர்ந்தெடுக்கும்போது, அன்று நீங்கள் தொடப்போகும் மிகத் தாழ்வான இடம், சந்திக்கப்போகும் மிகக் குறைந்த வெப்பநிலை, இவ்விரண்டையும் வைத்துப் பாருங்கள். கிளம்பும் நேரத்து வெப்பமானி போதாது.

கேள்வி: பாதி த்ராட்டிலில் வண்டி விக்கி விக்கி ஓடுகிறது. மெயின் ஜெட்டை மூன்று முறை குறைத்தும் மாற்றமே இல்லை. கார்புரேட்டர் பழுதா?

பதில்: பழுதாக இருக்காது. நீங்கள் தொட்ட ஜெட்டுக்குப் பாதி த்ராட்டிலில் அதிகாரம் இல்லை, அவ்வளவுதான். முதல் வேலையாகப் பழைய மெயின் ஜெட்டைத் திரும்பப் போடுங்கள். மூன்று படி குறைந்த நிலையில் ஒரே ஒரு முறை முழுதாக அழுத்தினாலும் ஆபத்து.

ஸ்லைடு வகைக் கார்புரேட்டரில் (காற்றுவழியை மேலும் கீழும் நகர்ந்து திறந்து மூடுவதுதான் ஸ்லைடு) த்ராட்டில் எவ்வளவு திறந்திருக்கிறது என்பதைப் பொறுத்துப் பெட்ரோலை அளப்பவர் மாறுகிறார். மூடிய நிலையிலிருந்து எட்டில் ஒரு பங்குவரை பைலட் ஜெட்டும் ஏர் ஸ்க்ரூவும். அங்கிருந்து கால் பங்குவரை ஸ்லைடின் அடியில் வெட்டியிருக்கும் சாய்வு. கால் பங்கிலிருந்து முக்கால்வரை ஸ்லைடோடு ஏறி இறங்கும் ஊசியான ஜெட் நீடிலும், அது இறங்கும் நீடில் ஜெட்டும். முக்காலுக்கு மேல்தான் மெயின் ஜெட்டின் ஆட்சி. எல்லைகள் கத்தி வைத்து வெட்டியதுபோல் இருக்காது. ஒன்றின் வால் அடுத்ததன் தலையில் ஏறிக்கொள்ளும்.

இங்கே இஞ்சின் சுற்றுவேகத்தைக் கணக்கில் எடுக்க வேண்டாம். ஸ்னோமொபைலில் கியர் இல்லை. பெல்ட் கிளட்ச்தான் சுமைக்கேற்ப விகிதத்தை மாற்றுகிறது. 6,000 சுற்று என்பது கால் த்ராட்டிலிலும் வரும், பாதியிலும் வரும். கைப்பிடியில் ஒரு டேப் ஒட்டி, மூடியது, கால், பாதி, முக்கால், முழுது என்று கோடு போட்டு, கோளாறு எந்தக் கோட்டில் வருகிறது என்று பாருங்கள். பத்து நிமிட வேலை. மூன்று முறை ஜெட் மாற்றிய நேரத்தை மிச்சப்படுத்தியிருக்கும்.

உங்கள் கோளாறு பாதியில் என்பதால் நீடிலைப் பாருங்கள். மேல் முனையில் அதைப் பிடித்திருக்கும் கிளிப்பை மாட்ட வழக்கமாக 5 பள்ளங்கள். மேலிருந்து எண்ண வேண்டும். கிளிப்பை மேல் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் கீழே இறங்கும், கலவை லீன் ஆகும். கீழ்ப் பள்ளத்துக்கு மாற்றினால் நீடில் உயரும், ரிச் ஆகும். கிளிப் போகும் திசையும் நீடில் போகும் திசையும் எதிரெதிர் என்பதால் பலர் தலைகீழாகச் செய்துவிடுகிறார்கள். ஒரு பள்ளம் மட்டும் நகர்த்தி ஓட்டிப் பாருங்கள். உயரம் ஏறும்போது மெயின் ஜெட்டோடு கிளிப்பையும் ஒரு பள்ளம் மேலே ஏற்றுவது பல வண்டிகளுக்குத் தேவைப்படும்.

எந்தப் பள்ளத்திலும் சரிவராமல், பழைய வண்டியாகவும் இருந்தால் நீடில் ஜெட் தேய்ந்து நீள்வட்டமாகியிருக்கலாம். மிக்குனி நீடில் ஜெட்டில் பி-0 என்றால் துளை 2.650 மி.மீ., கியூ-0 என்றால் 2.700, இடையிலுள்ள ஒவ்வொரு எண்ணும் 0.005 மி.மீ. அவ்வளவு நுணுக்கமான இடம் என்பதால் கண்ணுக்குத் தெரியாத தேய்மானமே போதும். நீடிலையும் நீடில் ஜெட்டையும் ஜோடியாகவே மாற்றுங்கள்.

இரண்டு, மூன்று கார்புரேட்டர் உள்ள வண்டியில் எல்லாவற்றிலும் ஒரே மாற்றம் செய்யுங்கள். ஆனால் கம்பெனியிலிருந்தே ஒரு சிலிண்டருக்கு மட்டும் ஒரு படி பெரிய மெயின் ஜெட் போட்டு வருவதுண்டு. அது தவறாக விழுந்ததல்ல; அந்த வித்தியாசத்தை அப்படியே வைத்துக்கொண்டு இரண்டையும் ஏற்றி இறக்குங்கள்.

கேள்வி: பக்கவாட்டுத் திருகை வெளியே திருப்பினால் லீன் என்கிறார் ஒருவர், ரிச் என்கிறார் இன்னொருவர். யார் சொல்வது சரி?

பதில்: இருவரும் தங்கள் வண்டியைச் சொல்கிறார்கள். ஸ்லைடுக்கு முன்னால், ஏர்பாக்ஸ் பக்கமாகத் திருகு இருந்தால் அது காற்றை அளக்கும். வெளியே திருப்பினால் லீன். ஸ்லைடுக்குப் பின்னால், இஞ்சின் பக்கமாக இருந்தால் பெட்ரோலை அளக்கும். வெளியே திருப்பினால் ரிச். இரண்டிலும் மெல்ல உள்ளே முட்டும்வரை திருப்பிவிட்டு, கையேடு சொன்ன சுற்றுகள் வெளியே எடுத்து அங்கிருந்து தொடங்குங்கள். ஏர் ஸ்க்ரூவுக்குப் பெரும்பாலும் 1 முதல் 1.5 சுற்று. இறுக்கி முட்டினால் கூர்முனை உடைந்து வழியிலேயே சிக்கிக்கொள்ளும். இஞ்சின் நன்றாகச் சூடான பின், மிகச் சீராகவும் வேகமாகவும் ஐடிலிங் நிற்கும் இடம்தான் சரியான இடம். அந்த இடம் அரைச் சுற்றுக்குள்ளேயோ இரண்டரைச் சுற்றுக்கு வெளியேயோ கிடைத்தால் பைலட் ஜெட்டின் அளவே தவறு.

கேள்வி: பிளக் பார்த்துக் கலவையைச் சொல்வது எப்படி? வீட்டுக்கு வந்து கழற்றினால் எப்போதும் கறுப்பாகவே இருக்கிறது.

பதில்: வீட்டுக்கு வந்து கழற்றுவதுதான் தவறு. கடைசி ஐந்து நிமிடம் மெதுவாக உருண்டு வந்த கரியைத்தான் பார்க்கிறீர்கள்.

இஞ்சினை முழுதாகச் சூடாக்கி, கையேட்டில் சொன்ன வெப்ப எண்ணில் (பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பதன் குறி) புதுப் பிளக் போடுங்கள். நீளமான, தடையில்லாத, ஆளில்லாத சமதளத்தில் சில நூறு மீட்டர் முழு த்ராட்டிலில் ஓட்டுங்கள். த்ராட்டிலை விடாமலே நிறுத்துப் பொத்தானை அழுத்தி, வண்டி நின்றதும் பிளக்கைக் கழற்றுங்கள். இன்றைய ஈயமற்ற பெட்ரோல் பீங்கானின் நுனியில் அதிகம் நிறம் விடாது. உள்ளே, பீங்கான் உலோகத்தைத் தொடும் அடிப்பகுதியில் ஒரு வளையம் தெரிகிறதா என்று விளக்கடித்து, உருப்பெருக்கியால் பாருங்கள். இளம் பழுப்பு வளையம் நல்லது. அகன்ற கரிய வளையம் ரிச். வளையமே இல்லாமல் பீங்கான் வெள்ளை வெளேர் என்றிருந்தால், அதில் நுண்ணிய வெள்ளிப் பொடிகள் ஒட்டியிருந்தால், அன்றைக்கு வண்டியை மேற்கொண்டு ஓட்டாதீர்கள். அந்தப் பொடி பிஸ்டனின் அலுமினியம்.

பிளக் துளை வழியாகப் பிஸ்டன் தலையையும் பாருங்கள். பெட்ரோல் உள்ளே நுழையும் துவாரங்களின் ஓரத்தில் கரி படியாமல் கழுவிவிட்டது போன்ற திட்டுகள் இருக்கும். சிறிய, தெளிவான திட்டுகள் இருந்தால் கலவை சரி. தலை முழுக்கக் கழுவியிருந்தால் ரிச். கழுவிய அடையாளமே இல்லாமல் காய்ந்த கரியாக இருந்தால் லீன். நாங்கள் பிளக்கைவிட இதையே அதிகம் நம்புகிறோம். பிளக் ஓர் ஓட்டத்தைச் சொல்கிறது, பிஸ்டன் பல நாள் கதையைச் சொல்கிறது.

பிளக் கரியாகிறதே என்று வெப்ப எண்ணை மாற்றிச் சூடான பிளக் போட வேண்டாம். கலவையின் குற்றத்துக்குப் பிளக்கைத் தண்டித்தால், முழு த்ராட்டிலில் அதன் நுனி செக்கச்செவேலென்று காய்ந்து, தீப்பொறிக்கு முன்பே கலவையைக் கொளுத்திவிடும்.

கேள்வி: மைனஸ் 30 காலையில் சோக் போட்டு, த்ராட்டிலையும் கொஞ்சம் அழுத்திக்கொண்டு இழுத்து இழுத்துக் கை ஓய்ந்துவிடுகிறது. பெட்ரோல் வருகிறது, ஸ்பார்க் வருகிறது.

பதில்: த்ராட்டிலிலிருந்து விரலை எடுங்கள். பெரும்பாலான ஸ்னோமொபைல் கார்புரேட்டர்களில் இருப்பது காற்றை அடைக்கும் தகடு அல்ல; பெட்ரோல் கூடுதலாக ஊற்றுவதற்கென்று தனியே ஒரு சிறு வழி. இஞ்சினின் முழு உறிஞ்சலும் அந்த வழியில் விழுந்தால்தான் அது வேலை செய்யும். ஸ்லைடு சற்றே திறந்தாலும் காற்று அகலமான பாதையில் போய்விடும், சோக் போட்டும் போடாததுபோல் ஆகிவிடும்.

அப்படியும் எடுக்கவில்லை என்றால் சோக் கேபிளின் மறுமுனையில் உள்ள உலக்கை உண்மையில் எழும்புகிறதா என்று பாருங்கள். கேபிளுக்குள் ஈரம் உறைந்து பிடித்திருக்கலாம். இதன் மறுபக்கக் கோளாறும் உண்டு: கேபிளில் தளர்வே இல்லாமல் இறுக்கியிருந்தால் உலக்கை முழுதாக உட்காராது, நாள் முழுக்கப் பெட்ரோல் கசிந்து ஐடிலிங் கெடும். ஒன்றிரண்டு மி.மீ. தளர்வு வேண்டும்.

எடுத்தவுடன் முழு த்ராட்டில் கொடுக்காதீர்கள். பிஸ்டன் சட்டென்று சூடேறி விரியும். குளிர்நீர் சூழ்ந்த சிலிண்டர் அத்தனை வேகத்தில் விரியாது. பிஸ்டனைச் சுற்றி நான்கு இடங்களில் உரசல் தெரிந்தால் அது இப்படிப் பிடித்தது; ஜெட்டுக்குச் சம்பந்தமில்லை. எக்ஸாஸ்ட் பக்கம் மட்டும் உரசியிருந்தால்தான் லீன் கலவையைச் சந்தேகிக்க வேண்டும்.

கேள்வி: ஆழமான புதுப்பனியில் அரை மணி நேரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று திணறுகிறது. கொட்டகையில் ஒரு மணி நேரம் வைத்தால் தானே சரியாகிவிடுகிறது.

பதில்: தானே சரியாகும் கோளாறு என்றால் எங்கோ உறைந்து, பின் உருகியிருக்கிறது. மூன்று இடங்கள்.

முதலில் ஃப்ளோட் கிண்ணத்தின், அதாவது கார்புரேட்டரின் அடியில் பெட்ரோல் தேங்கும் கிண்ணத்தின், காற்றுக் குழாய்கள். கிண்ணத்துக்குள் வெளிக்காற்றின் அழுத்தம் இருந்தால்தான் பெட்ரோல் ஜெட் வழியே மேலேறும். குழாய் நுனியைப் பனித்தூள் அடைத்தால் கிண்ணத்தில் வெற்றிடம் உருவாகி, பெட்ரோல் வருவது குறையும்; அதாவது வண்டி லீன் ஆகிறது. குழாய் நுனிகள் கம்பெனி வைத்த இடத்தில்தான் இருக்கின்றனவா, யாராவது கழற்றி மாட்டும்போது பனி தெறிக்கும் இடத்தில் தொங்கவிட்டார்களா என்று பாருங்கள்.

இரண்டாவது, பெட்ரோலில் தண்ணீர். பாதி காலியான டேங்கில் இரவில் ஈரம் படிகிறது, அது கிண்ணத்தின் அடியில் துளியாக நின்று மெயின் ஜெட்டில் உறைகிறது. கிண்ணத்தை வடித்துவிட்டு, ஐசோப்ரொபைல் வகை ஆல்கஹாலை அதன் புட்டியில் சொன்ன அளவில் டேங்கில் ஊற்றுங்கள். மெத்தனால் வகை வேண்டாம், ரப்பருக்கும் அலுமினியத்துக்கும் ஆகாது. பெட்ரோலிலேயே 10 சதவீத எத்தனால் இருந்தால் மேலும் எதையும் சேர்க்காதீர்கள். அந்தப் பெட்ரோல் ஏற்கெனவே 4 சதவீதம் அளவுக்குக் கலவையை லீன் பக்கம் தள்ளியிருக்கும். அதற்கே ஜெட் ஒரு படி ஏற வேண்டியிருக்கலாம்.

மூன்றாவது, ஸ்லைடைச் சுற்றி உறையும் பனிக்கட்டி. பெட்ரோல் ஆவியாகும்போது கார்புரேட்டர் உடலே குளிர்ந்துபோகும். சில வண்டிகளில் இதற்காகவே கூலன்ட் கார்புரேட்டரைச் சுற்றி வரும். அதன் வால்வு மூடிக்கிடக்கலாம், சிறு வடிகட்டியில் அடைப்பும் இருக்கலாம். இங்கே உறைந்தால் திணறல் மட்டும் இல்லை, த்ராட்டில் விட்டாலும் ஸ்லைடு இறங்காமல் நின்றுவிடும். நிறுத்துப் பொத்தான் எங்கே இருக்கிறது என்று விரலுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

நின்ற இடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று: திணறும்போது சோக்கைக் கொஞ்சம் திறந்து பாருங்கள். தெளிந்தால் லீன், இன்னும் அமுங்கினால் ரிச்.

கேள்வி: 2,700 மீட்டரில் ஓட்டிவிட்டு அன்றே 500 மீட்டருக்கு இறங்குகிறேன். ஒரு மணி நேர ஓட்டம்தான். ஜெட் மாற்றாமல் மெதுவாக வந்தால் போதாதா?

பதில்: போதாது. மேலே மைனஸ் 8, கீழே மைனஸ் 15 என்று வைத்தால், மேலே சரியாக இருந்த 310 ஜெட்டுக்குப் பதில் கீழே 360 வேண்டும். பெட்ரோல் 14 சதவீதம் குறைவாக ஓடுகிறது என்று பொருள். டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் எரிபொருள் மட்டுமல்ல, பிஸ்டன் தலையைக் குளிர்விப்பதும் அதுவே. மெதுவாக ஓட்டுவதாக எண்ணிக்கொண்டிருக்கும்போது எதிரே ஓர் ஏற்றம் வரும், கை தானாக அழுத்தும். முக்காலுக்குக் கீழேயே ஓட்டினாலும் நீடிலும் மேல் உயரத்துக்கு இறக்கி வைத்ததுதானே?

இறங்குமுன் மாற்றுவதே ஒழுங்கு. பல மிக்குனிக் கிண்ணங்களின் அடியில் பெரிய மூடித் திருகு ஒன்று உண்டு. கார்புரேட்டரைக் கழற்றாமல் அதன் வழியாகவே ஜெட்டை எடுக்கலாம். பெட்ரோல் விநியோகத்தை மூடுங்கள், எக்ஸாஸ்ட் ஆறட்டும், வடியும் பெட்ரோலுக்கு அடியில் பாத்திரம் வையுங்கள். ஜெட்டை விரலால் ஏற்றிவிட்டுச் சாவியால் மெல்ல முட்டினால் போதும். பித்தளை மறை சீக்கிரம் வழுக்கிவிடும். கழற்றிய ஜெட்டை எண்ணெழுதிய டப்பியில் போடுங்கள், பனியில் விழுந்த பித்தளைத் துண்டு கிடைக்காது.

உயரத்தைத் தானே சரிசெய்யும் அமைப்பு உங்கள் கார்புரேட்டரில் இருந்தால் இந்த வேலை குறையும். ஃப்ளோட் கிண்ணத்தின் காற்றழுத்தத்தைச் சற்றுத் தணித்து, ஜெட் வழி வரும் பெட்ரோலைக் குறைப்பதுதான் அதன் வேலை. குழாயில் ஒரு விரிசல் இருந்தாலும் அது பொய்த்துவிடும். எனவே பருவத்துக்கு ஒருமுறை குழாய்களைக் கழற்றி ஊதிப் பாருங்கள்.

கேள்வி: மேலே ஜெட் சரியாகப் போட்டும், கையேடு சொல்லும் 8,000 சுற்று வராமல் 7,500-இல் நிற்கிறது. இன்னும் ஜெட் குறைக்கலாமா?

பதில்: கூடாது. இனி அது கிளட்சின் வேலை. கலவையைச் சரிசெய்யலாமே தவிர, மேலே இல்லாத காற்றை ஜெட் கொண்டுவராது. இஞ்சினின் சக்தி குறைந்த பின்னும், கடல் மட்டத்துக்குப் போட்ட எடைகள் முன் கிளட்சில் அப்படியே இருக்கின்றன. அவை பெல்ட்டைச் சீக்கிரமே உயர் விகிதத்துக்குத் தள்ளி இஞ்சினை அமுக்குகின்றன. எடைகளை இலேசாக்குங்கள். ஒவ்வொரு எடையிலும் 1 கிராம் குறைத்தால் 100 சுற்று ஏறும் என்பது தொடக்கத்துக்கு உதவும் தோராயம். வண்டிக்கு வண்டி மாறும். எக்ஸாஸ்ட் பைப் குறுகிய சுற்று எல்லைக்குள்தான் முழு வேலை செய்யும் என்பதால் அந்த 500 சுற்று சின்ன விஷயமில்லை. வரிசை முக்கியம்: முதலில் ஜெட், பிறகு கிளட்ச், கடைசியில் பிளக்கை மறுபடி ஒரு பார்வை.

கேள்வி: அளவு ஜெட் கிடைக்காதபோது, இருப்பதைத் துளையிட்டுப் பெரிதாக்கலாமா?

பதில்: வேண்டாம். துளையின் அகலம் மட்டுமல்ல, உள் ஓரத்தின் சரிவும் வழவழப்பும் சேர்ந்துதான் பெட்ரோலை அளக்கின்றன. அதைவிட மோசம், எண் 320 என்று பொறித்த ஜெட் 350-ஆகப் பாய்ந்துகொண்டிருக்கும். அடுத்த பருவத்தில் அந்த எண்ணை நம்பிக் கணக்குப் போடுவீர்கள்.

கேள்வி: ஜெட் மாற்றி மாட்டியபின் ஐடிலிங் ஏறி இறங்குகிறது. முன்பு இல்லை.

பதில்: கார்புரேட்டர்கள் ஒன்றாக எழும்புகின்றனவா என்று பாருங்கள். ஏர்பாக்ஸைக் கழற்றி, த்ராட்டிலை மெல்ல அழுத்தினால் எல்லா ஸ்லைடும் ஒரே நொடியில் அசைய வேண்டும். ஒரே அளவு டிரில் பிட்டை ஒவ்வொன்றின் அடியிலும் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும். கேபிள் திருகால் சமன்செய்யுங்கள். இஞ்சின் பக்க ரப்பர் இணைப்பின் கிளாம்ப் முழுதாக இறுகியதா என்றும் பாருங்கள், அங்கே காற்றுப் புகுந்தாலும் இதே அறிகுறிதான். கேபிளைத் தொட்டுவிட்டால், த்ராட்டிலோடு சேர்ந்து அசையும் ஆயில் பம்பின் நெம்புகோலில் உள்ள குறி தன் கோட்டில் நிற்கிறதா என்று பார்க்காமல் வண்டியை எடுக்காதீர்கள்.